உங்கள் டென்ஷன் டைகருக்கு எதற்கு?

இந்தப் பக்கத்தை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு, உங்கள் வீட்டு நாயோ பூனையோ இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்களேன்.

பார்த்தாயிற்றா? படுத்துக்கொண்டிருக்கிறதா? சரி, எப்படிப் படுத்திருக்கிறது? ஒரு பக்கமாகச் சரிந்து, நாலு காலையும் நீட்டிப் போட்டு, வயிறு மெதுவாக ஏறி இறங்க... அப்படியா? அல்லது முன்னங்கால் மேல் மோவாயை வைத்துக்கொண்டு, காதை விறைத்து, வாசல் கதவையே பார்த்தபடியா? முதலாவது ஓய்வு. இரண்டாவது டியூட்டி! வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு இரண்டுமே 'சும்மா படுத்திருக்கு'தான். சும்மா இருப்பது வேறு, நிம்மதியாக இருப்பது வேறு என்பது மனிதர்கள் விஷயத்தில் நமக்கு நன்றாகவே தெரியும். வாயில்லா ஜீவன் விஷயத்தில் மட்டும் மறந்து போகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், செல்லப் பிராணியோடு சேர்ந்து தியானம், செல்லப் பிராணியோடு சேர்ந்து யோகா என்று ஒரு வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் நாயோடு யோகா செய்ய ஆரம்பித்து, அதற்கு 'டோகா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பிறகு குட்டி நாய்களைப் பத்துப் பதினைந்தாகக் கொண்டுவந்து வகுப்பில் விட்டு, நடுவில் மனிதர்கள் ஆசனம் போடுகிற கூத்தும் வந்தது. நம் நாட்டுப் பெருநகரங்களிலும் அது தலைகாட்டியிருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கும், போட்டோவும் நன்றாக வரும். ஆனால் குட்டி நாய் என்பது ஒரு நாளில் பதினெட்டு மணி நேரம், அதற்கும் மேலேகூடத் தூங்க வேண்டிய பச்சைக் குழந்தை. தாயிடமிருந்து பிரித்து, கூடையில் போட்டு, தெரியாத இருபது பேர் மாற்றி மாற்றித் தூக்கிக் கொஞ்சினால் அதற்கு என்ன அமைதி கிடைக்கும்? இத்தாலி நாட்டு சுகாதார அமைச்சகம் 2024-இல், யோகா வகுப்புகளில் நாய்க்குட்டிகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டது. நல்ல காரியம் செய்தார்கள் என்பதுதான் என் கட்சி.

அதற்காக, வீட்டு நாயோடு உட்கார்ந்து பத்து நிமிடம் அமைதியாக இருப்பதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கட்டாயம் செய்யுங்கள்! தினமும் செய்யுங்கள். ஆனால் அதில் தியானம் கற்றுக்கொள்ள வேண்டியது நீங்கள் மட்டும்தான். டைகருக்கு அந்தப் பாடம் தேவையில்லை. அதற்குத் தேவை, வீட்டில் ஒருவராவது கொஞ்ச நேரம் பரபரப்பில்லாமல் இருப்பது.

இது வெறும் பேச்சில்லை. சுவீடன் நாட்டில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 58 நாய்களை எடுத்துக்கொண்டார்கள். நாயின் முடியையும், அதை வளர்ப்பவரின் தலைமுடியையும் வெட்டி வாங்கி, இரண்டிலும் கார்ட்டிசால் என்கிற ஹார்மோன் எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தார்கள். மனசு பதறும்போது உடம்பில் ஏறுகிற ஹார்மோன் அது. ரத்தத்தில் பார்த்தால் அந்த நேரத்துக் கணக்குதான் தெரியும். முடியில் பார்த்தால் பல மாதக் கணக்கு தெரிந்துவிடும். 2019-இல் முடிவு வெளியானது. எஜமானருக்கு அதிகம் என்றால் நாய்க்கும் அதிகம். எஜமானருக்குக் குறைவு என்றால் நாய்க்கும் குறைவு. அதோடு, நாயின் குணத்தைவிட எஜமானரின் குணத்துக்குத்தான் நாயின் கணக்கோடு அதிக சம்பந்தம் இருந்தது. அதனால், நம்மிடமிருந்து அதற்குப் போகிறது என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆபீஸில் மேனேஜர் கத்தியதை நீங்கள் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் செருப்பைக் கழற்றி விடுகிற சத்தத்திலேயே டைகருக்குத் தெரிந்துவிடுகிறது. உங்கள் வியர்வை வாசனை மாறுவதுகூட அதன் மூக்குக்குப் புரியும். நம் வீடுகளில் பிளஸ் டூ பரீட்சை நடக்கும் மாதங்களில் நாய்க்கு வயிறு கெடுவதும், பாதத்தை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொள்வதும் நடந்தால், சாப்பாட்டை மட்டும் சந்தேகப்படாதீர்கள். (சாப்பாட்டையும் சந்தேகப்படுங்கள். கால்நடை மருத்துவரிடமும் காட்டுங்கள். ஆனால் வீட்டுச் சூழ்நிலையையும் அவரிடம் சொல்லுங்கள்.)

நமக்கு அதனால் என்ன நன்மை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 1980-லேயே அமெரிக்காவில் எரிகா ஃப்ரீட்மன் என்பவரும் அவருடைய குழுவினரும், இதய நோய்க்காக ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பிய 92 பேரை ஒரு வருடம் கவனித்து எழுதினார்கள். செல்லப் பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள். பிராணி எதுவும் இல்லாத 39 பேரில் 11 பேர். உடனே "அப்போ ஒரு நாய் வாங்கிட்டா ஹார்ட் அட்டாக் வராதா சார்?" என்று கேட்காதீர்கள். சின்னக் கூட்டத்தில் எடுத்த கணக்கு அது. நாய் வளர்க்கத் தெம்பும் வசதியும் மனசும் இருந்தவர்கள் முதலிலேயே கொஞ்சம் நன்றாக இருந்தவர்களாகவும் இருக்கலாம் அல்லவா?

எனக்கு அதைவிடப் பிடித்தது 2001-இல் வந்த இன்னொரு ஆராய்ச்சி. பங்குச் சந்தைத் தரகர்கள் 48 பேர், எல்லோருக்கும் ரத்த அழுத்தம். எல்லோருக்கும் லிசினோப்ரில் என்கிற மாத்திரை கொடுத்தார்கள். பாதிப் பேரை மட்டும் கூடவே ஒரு நாயையோ பூனையையோ வளர்க்கச் சொன்னார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அழுத்தம் இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரி குறைந்திருந்தது. ஆனால் மனசுக்குச் சிரமமான வேலை கொடுத்தபோது, பிராணி வைத்திருந்தவர்களுக்கு அழுத்தம் அவ்வளவாக எகிறவில்லை. இதில் அடிக்கோடிட வேண்டிய விஷயம், யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. நாய் வந்ததும் மாத்திரைப் பட்டையைத் தூக்கிப் பரணில் போடுகிற அண்ணாச்சிகள் இதை இரண்டு முறை படிக்கவும்.

வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 249 கல்லூரி மாணவர்களை வைத்துப் பார்த்ததில், நாயையும் பூனையையும் பத்தே நிமிடம் தடவிக் கொடுத்தவர்களுக்கு எச்சிலில் அந்த கார்ட்டிசால் குறைந்தது. தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும், படம் காட்டப்பட்டவர்களுக்கும் அந்த அளவு குறையவில்லை. இது 2019 செய்தி. ஆக, பத்து நிமிடம் போதும். சீரியல் நடுவில் வருகிற விளம்பரங்களைக் கூட்டினாலே அதற்கு மேல் வரும்!

சரி, எப்படிச் செய்வது?

முதலில், நேரம். அதற்குப் பசிக்கிற நேரத்தில் வேண்டாம், ஒன்றுக்குப் போக வேண்டிய நேரத்தில் வேண்டவே வேண்டாம். மாலை வாக்கிங் முடிந்து, தண்ணீர் குடித்துவிட்டு, அதுவாகவே ஒரு சுற்றுச் சுற்றி மிதியடி மேல் விழும் பாருங்கள், அதுதான் முகூர்த்தம். அந்த வாக்கிங்கிலும் ஒரு விஷயம். நம்மவர்கள் கையில் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதில் செல்போனை வைத்துக்கொண்டு, நாய் ஒரு கம்பத்தை முகர நின்றால் "வா, வா" என்று இழுத்துக்கொண்டு போகிறார்கள். அதற்கு முகர்வதுதான் பேப்பர் படிப்பது. அதை நிம்மதியாக முகர விட்டு நடத்திக் கூட்டி வந்தாலே பாதித் தியானம் அங்கேயே முடிந்துவிடும்.

இடம், தரை. சோபா வேண்டாம். ஒரு ஜமக்காளமோ கோரைப் பாயோ போட்டு, சப்பணம் போட முடிந்தால் போடுங்கள். முட்டி வலி உள்ளவர்கள் சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளுங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். நாயைக் கூப்பிடாதீர்கள். மடியில் தூக்கி வைக்காதீர்கள். கட்டிப் போடவே கூடாது. நீங்கள் பாட்டுக்கு உட்காருங்கள். வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

இந்த இடத்தில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். முதல் நாள் டைகர் வந்து முகத்தை நக்கும். இரண்டாம் நாள் பந்தைக் கொண்டுவந்து போடும். மூன்றாம் நாள், 'இவருக்கு என்னமோ ஆகிவிட்டது' என்று தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். "எங்க நாய்க்கு இதெல்லாம் ஒத்து வராதுங்க" என்று நீங்கள் விட்டுவிடுவீர்கள். விடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் போனால் அது வந்து உங்கள் முழங்காலை ஒட்டி முதுகைச் சாய்த்து, 'ஹூம்ம்' என்று ஒரு பெருமூச்சு விடும் பாருங்கள்... கையை மெதுவாக அதன் நெஞ்சுப் பக்கமோ தோள் பக்கமோ வைத்து, முடி போகிற திசையில் தடவுங்கள். அரை நிமிடம் தடவிவிட்டு நிறுத்துங்கள். மூக்கால் இடித்து 'இன்னும்' என்று கேட்டால் தொடரலாம். கேட்கவில்லை என்றால் போதும் என்று அர்த்தம்.

தலையைக் குனிந்து கட்டிப்பிடிப்பது நமக்குத்தான் பாசம். பெரும்பாலான நாய்களுக்கு அது மாட்டிக்கொண்ட உணர்வு. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, சாப்பிடாமலே உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதைப் பின்னுக்கு மடிப்பது... இதெல்லாம் 'விட்டுடுப்பா' என்று அது சொல்வது. உறுமுவது அதற்கப்புறம்தான் வரும். குழந்தைகளைக் கடித்த நாய்களைப் பற்றி 'திடீர்னு கடிச்சிடுச்சு' என்கிறார்கள். அது முதலில் சொன்னதை நாம் படிக்கவில்லை, அவ்வளவுதான். சின்னக் குழந்தையையும் நாயையும் 'சேர்ந்து தியானம் பண்ணுங்க' என்று தனியாக விட்டுவிட்டு அடுப்படிக்குப் போகிற வேலை கூடவே கூடாது.

பூனை வீட்டுக்காரர்களுக்கு நான் சொல்லித்தர அதிகம் இல்லை. பூனை தானாகவே உங்களுக்கு ஆசிரியர்! அதைப் பார்த்துக் கண்ணை மெதுவாகப் பாதி மூடி, மெதுவாகத் திறந்து பாருங்கள். அதுவும் அப்படியே செய்யும். இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் இதைச் சோதித்தே எழுதியிருக்கிறார்கள். அறிமுகமில்லாத ஆள் இப்படிக் கண் சிமிட்டினாலும் பூனை கிட்டே வரச் சம்மதிக்கிறதாம். நாய் விஷயத்தில், உங்கள் சொந்த நாய் உங்கள் கண்ணைப் பார்த்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேருக்குமே ஆக்ஸிடாசின் என்கிற ஹார்மோன் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் பாசம் ஊறுவதில் பங்குள்ள அதே ஹார்மோன்தான். ஜப்பானில் அஸபு பல்கலைக்கழகத்தில் 2015-இல் கண்டது இது. ஆனால் தெரு நாயையோ அடுத்த வீட்டு நாயையோ முறைத்துப் பார்த்து இதைப் பரிசோதிக்காதீர்கள். அங்கே அது சண்டைக்கு அழைப்பு.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முயலை மல்லாக்கப் படுக்கப் போட்டால் அசையாமல் கிடக்கும். 'பாருங்க, எப்படி மயங்கிச் சொக்கிப் போச்சு' என்று வீடியோ எடுக்கிறார்கள். அது சொக்கவில்லை சார். புலி வாயில் மாட்டிக்கொண்டால் செத்தது போலக் கிடக்கிற பயம் அது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அசையாமல் இருக்கிற பிராணியெல்லாம் அமைதியாக இருக்கிற பிராணி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பச்சைக்கிளி வைத்திருப்பவர்கள் அதோடு தியானம் செய்யலாமா என்று கேட்டால், 1972-ஆம் வருடத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம். முதலில் அதற்கு வழி பாருங்கள்.

இன்னொன்று, தியானம் என்றால் நம் வீடுகளில் உடனே ஊதுபத்தி வந்துவிடும். சாம்பிராணியும் போட்டுவிடுவார்கள். தயவு செய்து அந்த அறையில் வேண்டாம். நம்மைவிடப் பல மடங்கு நுட்பமான மூக்கு அதற்கு. மூடிய அறையில் அந்தப் புகை நமக்கே நல்லதில்லை, கூண்டுப் பறவைகளுக்கோ நுரையீரல் ரொம்பவே மென்மை. மனசுக்கு இதம் என்று கடைகளில் வாசனை எண்ணெய்கள் விற்கிறார்கள். டீ ட்ரீ எண்ணெய், நம்ம நீலகிரித் தைலம் எல்லாம் பூனைக்கு விஷம் மாதிரி. அதன் கல்லீரலுக்கு இதையெல்லாம் நம்மைப் போல முறித்து வெளியேற்றத் தெரியாது. அதே காரணத்தால்தான் பூனைக்குக் காய்ச்சல் என்று நம் பேரசிட்டமால் மாத்திரையில் கால்வாசி கொடுத்தால்கூட உயிருக்கே ஆபத்தாகிவிடும். தைலம் தடவிய கையோடு அதைத் தடவாதீர்கள். அது உடம்பை நக்கியே சுத்தம் செய்துகொள்கிற ஜீவன்.

உடம்பு சம்பந்தமாக மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பிராணியோடு நெருங்கி உட்காருகிறவர் வீட்டில் ரேபிஸ் தடுப்பூசி தவணை தவறக் கூடாது, வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, உண்ணிக்கு மருந்து தள்ளிப்போகக் கூடாது. விளையாட்டாகப் பல் பட்டு ரத்தம் கசிந்தால்கூட சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, டாக்டரிடம் போய்விட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூக்குக்கு மூக்கு கொஞ்சல் வேண்டாம்.

மூச்சை எதில் நிறுத்துவது? குருமார்கள் உங்கள் மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். நான் டைகரின் மூச்சைக் கவனிக்கச் சொல்வேன். அது நன்றாகத் தூங்குகிறபோது வயிறு ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடத்துக்கு எண்ணுங்கள். எண்ணும்போது உங்கள் மனசு மளிகைக் கணக்குக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ போனால் எண்ணிக்கை தவறிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பியுங்கள். இதைவிட எளிதான தியானம் எனக்குத் தெரியாது. கூடவே ஒரு வைத்தியப் பலனும் இருக்கிறது. தூங்குகிற நாய்க்கோ பூனைக்கோ நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருப்பதுதான் சகஜம். கனவு கண்டு காலை உதறுகிறபோது கூடும், அக்னி நட்சத்திர வெயிலில் நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பது வேறு கணக்கு. ஆனால் குளிர்ந்த இரவில், ஆழ்ந்த தூக்கத்தில், நாலைந்து நாளாக முப்பதைத் தாண்டிக்கொண்டே இருக்கிறது என்றால் இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு தொடங்கியிருக்கலாம். வயதான நாய்களுக்கு முக்கியமாக. இருமல் வருவதற்கு முன்னாலேயே இந்த எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடுவது உண்டு. டாக்டரிடம் போகும்போது அந்தக் கணக்கை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், அவர் சந்தோஷப்படுவார்.

திருவண்ணாமலைக்குப் போனவர்கள், ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்கும், ஜாக்கி என்ற நாய்க்கும், ஒரு மானுக்கும், ஒரு காகத்துக்கும் சமாதி இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். லட்சுமி 1948 ஜூன் 18-ஆம் தேதி மறைந்தது. பக்தி உள்ளவர்கள் அதை ஒரு விதமாகப் பார்ப்பார்கள். அது அவரவர் நம்பிக்கை. நான் கவனித்தது வேறு. அந்தப் பசுவை யாரும் பிடித்துக் கட்டி, 'உட்கார், தியானம் பண்ணு' என்று சொல்லவில்லை. அமைதியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அது தானாக நடந்து அவர் இருக்கிற இடத்துக்கு வந்து நின்றது.

"எங்க வீட்டில் நாயே இல்லையே, இதுக்காக ஒண்ணு வாங்கலாமா?" என்று சில வீடுகளில் பேச்சு எழும். ரிட்டையர் ஆன அப்பாவுக்குப் பொழுது போகவில்லை, ப்ளட் பிரஷர் வேறு, ஒரு நாய் இருந்தால் நன்றாக இருக்கும் என்று பிள்ளைகள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, பனிப் பிரதேசத்து ஹஸ்கியை வாங்கி வந்து மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் விட்டுவிட்டு, அடுத்த வாரமே பெங்களூருக்கும் துபாய்க்கும் ரயிலும் விமானமும் ஏறிவிடுகிறார்கள். அறுபத்தெட்டு வயசு மனிதர் அதைத் தினம் இரண்டு முறை மாடி இறக்கி ஏற்ற வேண்டும். அப்பாவுக்கும் நிம்மதி போச்சு, நாய்க்கும் போச்சு. கடைசியில் அது பால்கனிக் கம்பியில் கட்டிக் கிடக்கும். பகல் முழுக்கக் குலைக்கிற சத்தம் நாலு வீட்டுக்கு டென்ஷன்.

நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும், பூனை அதற்கு மேலும் இருக்கும். அந்தப் பொறுப்பைக் கேட்காமல் அப்பா தலையில் கட்டுவதற்கு முன்னால், அப்பாவிடமே ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்கு ஆசை இருந்து, தெம்பும் இருந்தால், கடைக்குப் போக வேண்டாம். 1959-இல் சென்னையில் ஆரம்பித்த புளூ கிராஸ் மாதிரியான காப்பகங்களில், வெயில் தாங்குகிற நம்ம ஊர் நாய்கள் எத்தனையோ வீடு தேடிக் காத்திருக்கின்றன. குட்டிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல், ஓடி ஆடி முடித்த நடுத்தர வயசு நாயாகப் பாருங்கள். அதை உடனே வீட்டுக்குக் கொண்டுவராமல், அப்பாவையே நாலு நாள் அங்கே அழைத்துப்போய் ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் தள்ளி நில்லுங்கள். எது தானாக வந்து அவர் காலடியில் படுக்கிறது என்று பார்த்துவிட்டு, அப்புறம் பாரத்தை நிரப்பலாம்.